மெலிஸ்ஸோடார்சஸ்: மரத்துக்குள்ளேயே வாழும் ஆப்பிரிக்க எறும்பை இனங்காணும் வேலை

மெலிஸ்ஸோடார்சஸ் எறும்புகள் உயிருள்ள மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே சுரங்கம் தோண்டி, ஆயுள் முழுக்க அதற்குள்ளேயே இருப்பவை. வேலைக்கார எறும்புகள் இரை தேடக்கூட வெளியே வருவதில்லை. அதனால் குழிப்பொறி வைத்தாலும் சருகைச் சலித்தாலும் இவை அகப்படாது. கிளையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் ஃபின்போஸ் புதர்க்காட்டு மாதிரிகளை வைத்து இந்த வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதை எழுதுகிறோம்.

முதலில் அனுமதி. மேற்கு கேப்பில் கேப்நேச்சர் அமைப்பின் சேகரிப்பு அனுமதி இல்லாமல் கிளையில் கை வைக்கக் கூடாது. அது கையில் வந்த பிறகு லூக்கோஸ்பெர்மம் புதர்களில் தேடலாம். வெளியே இருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பழைய, தடித்த கிளைகளில் கத்தி முனையால் பட்டையை விரல் நக அளவுக்குப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். சுரங்கம் தென்பட்டால் ஒரு சாண் நீளத்துக்குக் கிளையை வெட்டி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். அன்றைக்கே பிளந்துவிடுவது நல்லது. மரம் உலர்ந்தால் சுரங்கத்துக்குள் எறும்போடு வாழும் செதில் பூச்சிகள் (மரச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள்) சுருங்கி, அடையாளம் காண முடியாமல் போய்விடும்.

வெள்ளைத் தட்டின் மேல் வைத்து உளியால் நார்ப்போக்கில் பிளக்கும்போதே பேரினம் பாதி தெரிந்துவிடும். தட்டில் விழும் எறும்பு 2 முதல் 3 மில்லிமீட்டர். தலை உடலுக்குப் பெரிது. சமதளத்தில் அதனால் ஒழுங்காக நடக்க முடியாது. பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், நடுக்கால் இரண்டும் மேல்நோக்கி அசையும். சுரங்கத்துக்குள் அந்த நடுக்கால்கள்தான் கூரையை ஊன்றுகின்றன. மற்ற நான்கும் தரையில். வேறெந்த எறும்பிலும் இந்த நிலையை நாங்கள் பார்த்ததில்லை. ஆல்கஹாலில் போடுவதற்கு முன் இதைக் காணொளியாக எடுத்துவிடுங்கள். செத்த மாதிரியில் கால்கள் மடங்கிவிடும்.

எறும்புகளை ஈரத் தூரிகையால் எடுத்து 95 சதவீத எத்தனாலில் போடுகிறோம். இடுக்கி வேண்டாம், பிடியில் இடைக்கணு (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய கணு) நசுங்கினால் இன அடையாளத்துக்கு வேண்டிய இடமே போய்விடும். மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும், உடல் நீர் கலந்து அது நீர்த்துவிட்டிருக்கும். செதில் பூச்சிகளுக்குத் தனிக் குப்பி, அதே எண். இவை டயாஸ்பிடிடே குடும்பத்துக் கவசச் செதில் பூச்சிகள். ஆனால் எறும்புச் சுரங்கத்துக்குள் கவசம் செய்யாமல் வெற்றுடம்போடு இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் எறும்பின் புழு என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

பிறகு எறும்பை ஊசியில் குத்திய முக்கோண அட்டையின் நுனியில் ஒட்ட வேண்டும். ஒட்டுவது நீரில் கரையும் பசையால் மட்டும். பின்னால் ஒருவர் கழற்றிப் பார்க்க வேண்டி வரும். அட்டை நுனியை எறும்பின் வலப்பக்கத்திலிருந்து நடு, பின் கால்களின் அடிக்கணுக்களுக்கு இடையே கொண்டுபோக வேண்டும். பசை ஒரு துளி கூடினால் நடுக்கால் மூழ்கிவிடும். இந்தப் பேரினத்தில் அது பெரிய இழப்பு. ஆகவே ஒரு கூட்டுக்குக் குறைந்தது 3 வேலைக்கார எறும்புகளை ஒட்டி, மீதியை எத்தனாலிலேயே வைக்கிறோம்.

நுண்ணோக்கியில் இடைக்கணு இரண்டு என்றால் பெரும்பாலும் மிர்மிசினே துணைக்குடும்பம். அவற்றில் பின்னால் உள்ள பின்கணு வயிற்றோடு அகலமாக, முன்முகத்தில் இணைந்திருக்க வேண்டும். கிரெமாட்டோகாஸ்டரில் அது வயிற்றின் மேற்புறத்தில் போய் ஒட்டும், எனவே மரத்தில் வாழும் அந்த எறும்பை இங்கேயே விலக்கிவிடலாம். அடுத்து உணர்கொம்பு: மொத்தம் 6 கணுக்கள், நுனியில் 2 கணுக் குண்டு. ஆசியாவில் உள்ள நெருங்கிய உறவுப் பேரினம் ரோபலோமாஸ்டிக்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு, அதற்கு 10 கணுக்கள். எண்ணுவதில்தான் தவறு நேரும். அடித்தண்டு தட்டையாகி மடங்கிக் கிடக்கும், சிறு கணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும். எத்தனால் குப்பியிலிருந்து ஓர் எறும்பை எடுத்து, ஒரு உணர்கொம்பைக் கழற்றி, கிளிசரின் துளியில் வைத்து 100 மடங்கில் எண்ணுங்கள். பாதத்தின் முதற்கணு புடைத்திருப்பது கடைசி உறுதி. முன்காலின் அந்தக் கணுவில் உள்ள தூரிகை மயிரால்தான் எறும்பு பட்டிழையை இழுத்துச் சுரங்கத்து விரிசல்களை அடைக்கிறது. வளர்ந்த வேலைக்கார எறும்பே தலையிலுள்ள சுரப்பியிலிருந்து பட்டு சுரப்பதை ஃபிஷரும் ராபர்ட்சனும் 1999இல் எமெரியி இனத்தில், இதே ஃபின்போஸில் விவரித்தார்கள்.

இனத்துக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியது எறும்பியலாளர் பாரி போல்ட்டன் 1982இல் வெளியிட்ட வகைப்பாட்டு மறு ஆய்வு. அதில் நான்கு இனங்கள்: பெக்காரியி, எமெரியி, வெய்ஸி, மடகாஸ்கரின் இன்சுலாரிஸ். பேரினத்தை எமெரி 1877இல் நிறுவினார். முதல் இனத்தின் பெயர் எரித்திரியாவில் சேகரித்த ஒடோவார்டோ பெக்காரியைக் குறிக்கும். தலையின் பின் விளிம்பு, இடைக்கணுவை மேலிருந்து பார்க்கும் வடிவம், அதன் அடிப்புறத் துருத்தல் ஆகிய மூன்றையும் எல்லா மாதிரிகளிலும் படமெடுத்து, ஆன்ட்வெப் என்ற எறும்புப் படத் தளத்தில் உள்ள வகைமாதிரிகளின் (இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான மாதிரிகளின்) படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

அளவீட்டில் ஒரு கவனம். தலை அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது தலைக் குறியெண். தலை சற்றே சாய்ந்தாலும் நீளம் குறைந்து தெரியும், குறியெண் உயரும், சாதாரணத் தலை அகலத் தலையாகிவிடும். முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே குவியத்தில் தெரியும் வரை ஊசியைத் திருப்ப வேண்டும். ஒரே கூட்டில் பெரிதும் சிறிதுமாக எறும்புகள் இருப்பதால் ஒன்றை மட்டும் அளந்து முடிவு கட்டக் கூடாது. நாங்கள் 10 அளக்கிறோம்.

ஐயம் தீரவில்லை என்றால் எத்தனால் மாதிரியின் பின்கால் ஒன்றை எடுத்து, 658 எழுத்து நீள சிஓ1 மரபணுத் துண்டைப் படிக்கலாம். அப்போதும் பெயர் தெரியாவிட்டால் சீட்டில் ‘மெலிஸ்ஸோடார்சஸ் எஸ்பி.’ (பேரினம் தெரியும், இனம் தெரியாது என்று பொருள்) என்று எழுதி நிறுத்துவதே நேர்மை. துணிந்து எழுதிய தவறான பெயர் பல பத்தாண்டுகள் பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட படியான இனக்குழுவையும் இன்றைய வகைப்பாட்டின்படி எழுதுங்கள். பழைய நூல்கள் மெலிஸ்ஸோடார்சினி என்று தனியாக வைத்திருக்கும். மரபணு அடிப்படையில் வார்டும் சகாக்களும் 2015இல் மிர்மிசினேயை ஆறு இனக்குழுக்களாகச் சுருக்கியபோது இது கிரெமாட்டோகாஸ்ட்ரினியில் சேர்ந்தது.

சீட்டில் நாடு, மாகாணம், தசம அலகில் ஆயங்கள், உயரம், நாள், சேகரித்தவர் பெயரோடு மரத்தின் இனப்பெயரும் கிளையின் விட்டமும் வேண்டும். மரத்தின் பூவோ இலையோ ஒரு கிளைத்துண்டை அழுத்தி உலர்த்தித் தாவரக் காப்பகத்துக்கும், செதில் பூச்சிக் குப்பியை அந்தப் பூச்சிகளை ஆய்பவருக்கும், எறும்பை அருங்காட்சியகத்துக்கும் ஒரே எண்ணில் அனுப்புகிறோம்.