போர்க் கணக்கில் வராத தலைப்புகள்

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்து பழகியவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். செலவை மறைக்கப் பொய் எழுத வேண்டியதில்லை, வேறு தலைப்பில் எழுதினால் போதும். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் அமெரிக்கா நடத்திய போர்களைப் பற்றி அந்நாட்டு மக்கள் ஏன் அவ்வளவு குறைவாகப் பேசினார்கள் என்று கேட்டால், பாதி பதில் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கொரியப் போருக்காக 1950லும் 1951லும் வரியை உயர்த்தினார்கள். வியட்நாம் போரின்போது, 1968ல், வருமான வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். பிடித்தம் அதிகமானால் எதற்கு என்று வீட்டில் கேள்வி வரும். இராக் போரில் நடந்தது தலைகீழ். 2003 மார்ச்சில் படை இறங்கியது, மே மாதம் வரியைக் குறைத்தார்கள். பணம் கடனாக வந்தது. கட்டாய ராணுவ சேவையும் 1973லேயே முடிந்துவிட்டதால் யார் வீட்டுக்கும் அழைப்பாணை வரவில்லை. போரில் இறந்த வீரர்களின் உடல்கள் நாடு திரும்பும் டோவர் விமானப்படைத் தளத்தில் இறக்கப்படும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க 1991 முதல் 2009 வரை தடை இருந்தது.

போர்ப் பணம் முதலில் அவசரத் துணை மானிய மசோதாக்களில் வந்தது. பிறகு வழக்கமான பாதுகாப்பு பட்ஜெட்டுக்கு வெளியே அதற்கென்று தனிக் கணக்கு வந்தது. 2011ல் அரசுச் செலவுக்கு உச்சவரம்பு விதித்தபோது இந்தக் கணக்குக்கு மட்டும் விலக்கு. விளைவு, போருக்குச் சம்பந்தமில்லாத வழக்கமான செலவுகளையும் இதற்குள் தள்ளினார்கள். உண்மையான போர்ச்செலவில் பெரும்பங்கு இதற்கு வெளியே கிடந்தது. ஒரே தலைப்பு ஒரு பக்கம் வீங்கியும் மறுபக்கம் சுருங்கியும் இருந்தால் அதன் கூட்டுத்தொகையை நம்ப முடியாது.

சரியாகக் கூட்ட வேண்டுமானால் அந்தத் தனிக் கணக்கை எடுத்துக்கொண்டு, போரினால் வழக்கமான ராணுவ பட்ஜெட்டில் ஏறிய தொகை, வெளியுறவுத் துறையின் பங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் துறையின் செலவு, கடன் வட்டி, இனிமேல் வரப்போகும் சிகிச்சை என ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2021ல் அப்படிக் கூட்டி, 2001க்குப் பிறகான போர்களுக்கு 8 லட்சம் கோடி டாலர் என்று காட்டியது. தனிக் கணக்கில் இருந்தது அதில் கால்வாசிதான், சுமார் 2.1 லட்சம் கோடி. எதிர்காலச் சிகிச்சையும் உதவித்தொகையும் மட்டுமே 2.2 லட்சம் கோடி. இந்தக் கடைசித் தொகையைப் போருக்கு வாக்களித்தபோது யாரும் மேசையில் வைக்கவில்லை. ஆனால் இத்தகைய செலவு போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும் ஏறும் என்பது புதிதல்ல. முதல் உலகப் போர் வீரர்களுக்கான ஊன உதவித்தொகை உச்சத்தைத் தொட்டது 1969ல் என்பது எல்லோரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பதிவுதான்.

பணத்தை விட எங்களை அதிகம் உறுத்துவது உயிர்க் கணக்கு. ஆப்கானிஸ்தானில் பல ஆண்டுகள் படைவீரர்களை விட ஒப்பந்தப் பணியாளர்களே அதிகம். சமையல், லாரி, துப்புரவு, காவல் எல்லாம் அவர்கள் கையில். அவர்கள் செத்தால் ராணுவத்தின் இறப்புப் பட்டியலில் பெயர் ஏறாது. 1941ல் வந்த ஒரு காப்பீட்டுச் சட்டத்தின்படி அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளை எண்ணித்தான் ஏதோ ஓர் எண்ணிக்கை கிடைக்கிறது. அதாவது, அங்கே எண்ணப்படுவது மரணம் அல்ல, மனு.

அந்த மனு எங்கெங்கே நிற்கும் என்று பாருங்கள். மேலே அமெரிக்க நிறுவனம், அதன் கீழே குவைத்திலோ ஜோர்டானிலோ துணை ஒப்பந்தக்காரர், அதற்கும் கீழே ஊரில் ஆள்பிடிக்கும் ஏஜென்ட். பாலிசி எடுக்க வேண்டியது ஒப்பந்தக்காரர். இறப்பைப் பத்து நாளுக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவரே. அவர் வாய் திறக்காவிட்டால், இப்படி ஒரு சட்டம் இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாது. இழப்பீடு முறையாக வந்தால் மனைவிக்கு இறந்தவரின் சராசரி வாரச் சம்பளத்தில் பாதி. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்றால், வரவேண்டிய மொத்தத்தைக் கணக்கிட்டு அதிலும் பாதியை ஒரே தடவையாகக் கொடுத்து முடித்துவிட அதே சட்டம் இடம் தருகிறது. ஒரே வண்டியில் ஒரே குண்டில் போன இரண்டு உயிருக்கு இரண்டு விலை! போர்த் தாக்குதலில் இறந்தவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் அரசிடமிருந்து திரும்பப் பெறலாம், நிர்வாகச் செலவுக்கு 15 சதவீதம் சேர்த்து. அதுவும் தொழிலாளர் துறை வழியாகப் போவதால் பென்டகன் கணக்கில் தெரியாது.

ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் இராக்குக்கு அனுப்பப்பட்ட 12 நேபாளிகள் 2004 ஆகஸ்டில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குடும்பங்களுக்கு இந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு உத்தரவு கிடைத்தது 2008ல். அதற்கு முன் உலகமே அந்தக் கொலைகளைச் செய்தியில் பார்த்திருந்தது. செய்தியில் வராமல் செத்தவர்கள் எத்தனை பேருடைய மனு அந்தத் துறையின் வாசலை எட்டியிருக்கும்?

முகாம்களில் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் திறந்த குழியில் விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். அந்தப் புகையால்தான் நுரையீரல் கெட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகள் நோயாளியான வீரரின் தலையிலேயே கட்டினார்கள், பெரும்பாலான கோரிக்கைகள் தள்ளுபடி ஆயின. ஆப்கானிஸ்தானிலிருந்து படை வெளியேறி ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில்தான், அந்தப் பொறுப்பை நீக்கும் சட்டம் வந்தது. பத்தாண்டுச் செலவு சுமார் 28,000 கோடி டாலர். அதே குழிக்குக் குப்பை தள்ளிய வெளிநாட்டுத் தொழிலாளிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த இராக்கியக் குடும்பத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.