பாலத்தின் நடுவில் இருபது நிமிடம்

மட்டக்களப்பில் பிறந்தவருக்குப் பாலத்தில் பயம் வந்தால் பாடு பெரும்பாடுதான். கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே வாவி நீண்டு கிடக்கிறது. நகரின் பழைய பகுதியான புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவேதான். கடைக்குப் போக ஒரு பாலம், கலியாண வீட்டுக்குப் போக இன்னொன்று.

ஆனால் உளவளத்துணை மேசைக்கு வருகிறவர் யாரும் பாலத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை. “கொழும்புக்குப் போகவேணும், நித்திரை வருகுதில்ல, தலை சுத்துது” என்பார்கள். வீசா நேர்முகம், மகரகமையில் கிளினிக், மகளைப் பேராதனையில் கொண்டுபோய் விடுவது என்று ஏதோ ஒரு பயணம் மூன்று கிழமையில் காத்திருக்கும். வழியில் எந்த இடத்தை நினைத்தால் தலை சுற்றுகிறது என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனால் ஓட்டமாவடியில் ஒரு தயக்கம் தெரியும். மன்னம்பிட்டியில் பேச்சு நின்றுவிடும். அங்கே மகாவலி ஆற்றின் நீண்ட பாலம். வளர்ந்த ஆள் பாலத்துக்குப் பயமாம் என்று ஊர் சிரிக்கும் என்ற வெட்கத்தில் பத்து வருடம் மூடி வைத்திருப்பார்கள்.

பாலத்தில் எதற்குப் பயம் என்று கேட்டுப் பிரித்தெடுக்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது. பாலம் உடையும் என்று சிலர் பயப்படுவார்கள். நடுவில் மூச்சு முட்டினால் இறங்கவும் ஏலாது, திரும்பவும் ஏலாது என்பது பலருடைய பயம். தன்னையறியாமல் குதித்துவிடுவேனோ, ஸ்டியரிங்கை வெட்டிவிடுவேனோ என்று நடுங்குகிறவர்களும் உண்டு. இவர்களிடம் சாக வேண்டும் என்ற எண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று நேராகவே கேட்க வேண்டும். பெரும்பாலும் இராது, அந்த எண்ணம் வந்துவிட்டதே என்பதுதான் பயமாக இருக்கும். இருந்தால் பாலப் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: “கல்முனையில வேலை. ஒவ்வொரு நாளும் கல்லடிப் பாலத்தால பஸ்ஸில போய்வாறன். பழகிப் போகணுமே, ஏன் போகல்ல?” இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. கல்லடிப் பாலம் ஏறத்தாழ 300 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பஸ் அதைக் கடக்க அரை நிமிடம்கூட எடுக்காது. பதகளிப்பு உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் கரை வந்துவிடுகிறது. அப்பாடா என்ற நிம்மதி அங்கேதான் வருகிறது. “கரை வந்ததால் தப்பினேன்” என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. நாளுக்கு இரண்டு தரம், வருடக்கணக்காக அதே பாடம். பயம் போகாததோடு இன்னும் ஊறிப்போகிறது.

ஆகவே பாலத்தைக் கடப்பதில் பயிற்சி இல்லை, பாலத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. நிற்பதற்கு இங்கே நல்லதோர் இடமும் வாய்த்திருக்கிறது. 1924இல் கட்டிய பழைய கல்லடி இரும்புப் பாலம், 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு பெரிய வாகனச் சுமையிலிருந்து தப்பிவிட்டது. வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனின் ஒலியைக் கேட்கப் போகிறவர்கள் நிற்கிற இடத்திலேயே நம் ஆளும் நிற்கலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

போக முன் ஒரு கொப்பி. ஒரு பக்கத்தில் “என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்” என்று துல்லியமாக எழுத வேண்டும். ‘பயமாயிருக்கும்’ என்று எழுதினால் போதாது. ‘ஐந்து நிமிடத்தில் மயங்கி விழுவேன்’, ‘கால் எடுத்து வைக்க ஏலாமல் போகும்’ என்று சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மறுபக்கம் நடந்தது. ஓரத்தில் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்ற புள்ளி. ஜோசப் வோல்பே என்ற வைத்தியர் கொண்டுவந்த அளவுகோல் இது, இன்றைக்கும் இதைவிட இலேசானது கிடைக்கவில்லை. முதல் நாள் கரையிலிருந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டு 15 நிமிடம். அடுத்த நாள் காலையில், சன நெருக்கம் குறைந்த நேரத்தில், துணையோடு பத்து மீற்றர் உள்ளே போய் நிற்பது. பிறகு துணை கரையில் நிற்க, ஆள் மட்டும் உள்ளே. பிறகு பாலத்தின் நடுவில் 20 நிமிடம், தண்ணீரைப் பார்த்தபடி. கிழமைக்கு நாலைந்து நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம் என்று ஒதுக்கினால் மூன்று கிழமை போதும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் ஒரே அமர்வில், மூன்று மணித்தியாலம் வரை எடுத்து, இப்படியான பயங்களைக் கையாளும் முறையை 1989இல் எழுதினார். அதற்குப் பழகிய கை வேண்டும். வீட்டார் துணையோடு செய்கிறவர்களுக்கு மூன்று கிழமைக் கணக்குத்தான் பாதுகாப்பு.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. புள்ளி 80இல் நிற்கும்போது ஓடிவரக்கூடாது. குறைந்தால் நல்லது. குறையாவிட்டாலும் சொன்ன நேரம் முடிந்த பிறகுதான் கரைக்கு வர வேண்டும். புள்ளி குறையாமலே நின்றுவிட்டு வந்தவரும் கற்றுக்கொள்கிறார்: விழவில்லை, அவ்வளவுதான்.

மயங்கி விழுவேன் என்பவருக்கு உடல் நடப்பைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பயம் கழன்றுவிடும். இரத்தம், ஊசி கண்டு பயப்படுகிறவருக்குத்தான் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பாலப் பயத்தில் அழுத்தம் ஏறுகிறது, ஆகவே மயங்குவது அரிது. தலைச்சுற்று வேகமாக மூச்சு வாங்குவதால் வருகிறது. காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறி உதடும் விரல்நுனியும் விறைக்கும். நாலு செக்கன் உள்ளே, ஆறு செக்கன் வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கண்ணும் ஒரு காரணம்: அருகில் அசையாத பொருள் இல்லாத வெட்டவெளியில் உடல் இயல்பாகவே கொஞ்சம் கூட ஆடும். அதைத்தான் “பாலம் ஆடுது மனே!” என்று கையைப் பிடிக்கிறார்கள். பாலமும் கொஞ்சம் அசையும், அதை மறைக்கக் கூடாது. டயர் ஏறும்போது டொக் டொக் என்று கேட்பது வெடிப்பு அல்ல. வெயிலில் கொங்கிறீட் விரிவதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி மூட்டு. புதுப்பாலத்து ஓரத்தில் அந்த மூட்டைக் காட்டி, லொறி ஒன்று போகும்வரை காலடியில் நடுக்கத்தை உணர விடுவது பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமன்.

பயிற்சி கெடுவது பெரும்பாலும் கள்ள உதவிகளால். கண்ணை மூடுவது, கம்பியை இறுகப் பிடிப்பது, காதில் போனோடு நடப்பது, நடுவரிசை இருக்கை. இவை இருக்கும்வரை “அதனால் தப்பினேன்” என்ற பாடமே தொடரும். டயஸெபாம் குளிசையும் அந்த வகைதான். பயத்தை மழுக்கும், கூடவே கற்பதையும் மழுக்கும். வாகனம் ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது. நூல் கட்டுவதையும் ஓதிப் பார்ப்பதையும் நாங்கள் தடுப்பதில்லை. நூல் அறுந்தால் பயணம் இல்லை என்ற நிலை வந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுவோம். வீட்டார் “ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல” என்று பத்துத் தரம் சொல்வதை நிறுத்தி, “இப்ப நூற்றுக்கு எத்தனை?” என்று ஒரு தரம் கேட்டால் போதும்.

இந்தப் படிமுறை எல்லோருக்கும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியில் சுனாமிக் கடலைக் கண்டவர்களும், யுத்தத்தின்போது பாலத்தடியில் சோதனைச்சாவடி நின்ற காலத்தில் யாரையாவது பறிகொடுத்தவர்களும் இங்கே வாழ்கிறார்கள். பாலத்தில் கால் வைத்ததும் அந்த நாள் கண்முன் ஓடுகிறது, இரவில் கனவாக வருகிறது என்றால் அது மனவடு. அவரைப் பாலத்தின் நடுவில் நிறுத்துவது தீங்கு. போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்புவதே முறை.

நடைப் பயிற்சி முடிந்ததும் வாகனம். முச்சக்கரவண்டியில் புதுப்பாலத்தை ஒரே மூச்சில் எட்டுத் தரம் போய்வருவது, பிறகு கல்முனை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கல்லாற்றுப் பாலங்கள், ஒரு நாள் ஓட்டமாவடி வரை. கல்முனைக்காரர் சிலர் அம்பாறை, மகாஓயா வழியாகச் சுற்றிப் போகப் பார்ப்பார்கள். அங்கேயும் மகியங்கனையில் மகாவலி காத்திருக்கும்.

கடைசியில் கொழும்புப் பயணம். இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பாலத்தைக் கடந்துவிடலாம் என்பது பலருடைய திட்டம். பாலத்தின் நடுவில் திடுக்கிட்டு விழித்தால் மூன்று கிழமை உழைப்பும் ஒரே இரவில் சரியும். பகல் பயணம் நல்லது. விடியற்காலை வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை கடுங்கோப்பி குடித்துவிட்டு நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லவும் வேண்டாம். மன்னம்பிட்டியில் 2007 வரை ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தைத்தான் பங்குபோட்டன. இப்போது வீதிக்குத் தனிப்பாலம், அதுவும் கல்லடி அளவுதான். வெலிக்கந்தை தாண்டியதும் கொப்பியை எடுத்து என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். பாலத்தில் யன்னலால் வெளியே பார்த்து, பழைய இரும்புப் பாலம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பொலன்னறுவைக்கு முன் நடந்ததை எழுதிவிட வேண்டும். திரும்பி வருகிற பயணத்துக்கும் பகல் பஸ்ஸிலேயே இருக்கை எடுத்து வைப்பது நல்லது.