பரிசு இல்லாத கணிதத் திருவிழா: பள்ளியில் நடத்துவதற்கான குறிப்புகள்

பள்ளிக் கணிதக் கண்காட்சி என்றாலே தெர்மாகோல் மாடல், மனப்பாடம் செய்த விளக்கம், கடைசியில் முதல் மூன்று பரிசு என்றாகிவிட்டது. பாதி மாடல்களை வீட்டில் பெரியவர்கள்தான் செய்கிறார்கள். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு பெஞ்ச் தூக்கிப் போடும் வேலை. இதற்கு மாற்றாக, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ‘ஸ்நாப்’ என்றொரு முறை வளர்ந்தது. வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரும் கடை போட வேண்டும். கடையில் இருப்பது புதிர் மட்டுமே. பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. நம் ஊர் எட்டாம் வகுப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் இரண்டிரண்டு பேராக இருபது கடை. ஒரு பீரியடுக்கு இரண்டு வகுப்புகளை மட்டும் உள்ளே விடுங்கள். ஒரு கடைக்கு நான்கு பேர் நிற்பார்கள், அதுதான் அளவு. பள்ளி முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் யாரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்கள், வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22 பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அரையாண்டுத் தேர்வு அதை ஒட்டியே வரும். நவம்பரோ ஜனவரி இறுதியோ வைத்துக்கொண்டால் தயாரிப்புக்கு மூன்று வாரம் நிம்மதியாகக் கிடைக்கும்.

அந்த மூன்று வாரத்தில் முதல் வாரம்தான் உயிர். புதிரைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். தானே போராடித் தீர்த்த பிள்ளைக்குத்தான் எதிரே நிற்பவர் எந்த இடத்தில் மாட்டுவார் என்று தெரியும்.

எடுத்துக்காட்டுக்குத் தவளைப் புதிர். வரிசையாக ஏழு கட்டம். இடப்பக்கம் மூன்று சிவப்பு பாட்டில் மூடி, வலப்பக்கம் மூன்று நீலம், நடுக்கட்டம் காலி. சிவப்பு வலப்பக்கம் மட்டும், நீலம் இடப்பக்கம் மட்டும் போகலாம். பக்கத்துக் காலிக் கட்டத்துக்கு நகரலாம், அல்லது எதிர்நிறம் ஒன்றைத் தாண்டிக் குதிக்கலாம். இரண்டு அணியும் இடம் மாற வேண்டும். முதலில் ஒரு சிவப்பை நகர்த்தி, அதன்மேல் ஒரு நீலத்தைக் குதிக்கவிடும்வரை எல்லோரும் சரியாகத்தான் போவார்கள். அடுத்து அதே சிவப்பை இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் போச்சு. பின்னால் வரும் சிவப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் இரண்டு நீலம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரண்டைச் சேர்த்து எந்த மூடியும் தாண்டாது. கடைக்காரப் பிள்ளை இங்கே “இப்படி வை” என்று கை நீட்டக் கூடாது. “பக்கத்துக்கு ரெண்டு மூடி மட்டும் வெச்சு ஆடிப் பாருங்கண்ணா” என்றால் போதும். பக்கத்துக்கு ஒன்று என்றால் 3 நகர்வு, இரண்டு என்றால் 8, மூன்று என்றால் 15. நான்குக்கு எத்தனை என்று கேட்டால் 24 என்று எழுதுகிறவர்கள், நகர்வோடு ஒன்றைக் கூட்டி 4, 9, 16 என்ற வர்க்க எண்களைப் பார்த்துவிட்டவர்கள்.

புளியங்கொட்டை ஆட்டத்தில் வேறு சிக்கல். 21 கொட்டை, ஒரு முறைக்கு ஒன்று முதல் மூன்று வரை எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. எதிராளிக்கு நான்கின் மடங்கை விட்டுவைக்கத் தெரிந்த பிள்ளை வந்தவர்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டே இருந்தால், பரிசு இல்லாமலேயே போட்டி உள்ளே வந்துவிடும். வருகிற இருவரை ஒருவருக்கொருவர் ஆடவிட்டு, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

முடியாத புதிர் ஒன்றாவது இருப்பது நல்லது. 4×4 சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைகள் இரண்டை வெட்டிவிட்டு, மீதி 14 கட்டத்தை இரட்டைக் கட்ட அட்டை ஏழால் மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு அட்டையும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையை மூடும். மிச்சமிருப்பதோ ஒரு நிறத்தில் 8, மற்றதில் 6. பக்கத்திலேயே ஒரே விளிம்பின் இரு மூலைகளை வெட்டிய பலகையையும் வையுங்கள், அதை மூடிவிடலாம். “ஒன்று முடியும், ஒன்று முடியாது, ஏன்?” என்று எழுதி வைக்காவிட்டால் வந்தவர் அரை மணி நேரம் வீணாக மல்லுக்கட்டிவிட்டுச் சலிப்போடு போவார்.

ஹனோய் கோபுரம் என்பது, ஒரு கம்பியில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய வட்டுகளை, மூன்று கம்பிகளுக்குள் ஒவ்வொன்றாக நகர்த்தி, சிறியதன்மேல் பெரியது வராமல் வேறு கம்பிக்கு மாற்றும் புதிர். இதற்கு நான்கு வட்டு போதும், 15 நகர்வில் முடியும். ஐந்து வைத்தால் குறைந்தது 31. பின்னால் கூட்டம் சேர்ந்துவிடும்.

பொருட்களில் காகிதக் காய்களைத் தவிர்த்துவிடுங்கள், மின்விசிறிக் காற்றில் பறக்கும். மூடி, சோழி, கொட்டை நல்லது. எந்தக் கடையிலும் இரண்டு காய் உபரியாக இருக்கட்டும். கட்டம் 5 செ.மீ.க்குக் குறைந்தால் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. தட்டியில் கேள்வியும் விதியும் மட்டும். விடையை எழுதி மடித்து வைத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். ஆள் மாறும்போது காய்களைப் பழைய இடத்தில் வைக்கும் வேலை இருவரில் ஒருவருக்கு. மற்றவர் பேசட்டும். பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். முந்தைய வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒத்திகை பாருங்கள். விதியில் எந்த வரி புரியவில்லை என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நல்லெண்ணத்தில் “சிறந்த கடைக்கு என் சார்பில் ஐந்நூறு ரூபாய்” என்று மைக்கில் அறிவித்துவிடுவார்கள். அந்த நொடியே பத்தொன்பது கடை தோற்றுப்போகும். அவரைப் பேச அழைக்காமல் ஒரு கடையில் உட்காரவைத்துப் புதிர் போடச் சொல்லுங்கள். கொடுக்க விரும்பும் பணத்தில் காய்களைப் போட்டுவைக்க ஜிப் கவர் வாங்கித் தரட்டும், இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டு கடை போடும்போது உதவும்.