ட்ரோனுக்கு மெட்டாலிக் பெயிண்ட் ஏன் ஆகாது?

சம்பாப் பயிர் இடுப்பளவு நிற்கும் வயலில் சாம்பல் நிற ட்ரோன் ஒன்று இறங்கிவிட்டால், அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி தாக்கிய இடங்கள் வட்டவட்டமாகக் காய்ந்திருக்கின்றனவா, மழைநீர் எந்த மூலையில் வடியாமல் நிற்கிறது என்று பார்ப்பதற்காக மன்னார்குடிப் பக்கத்து வயல்களின் மேல் சிறிய ட்ரோன் ஒன்றைப் பறக்கவிடுகிறேன். தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறம் அதற்குத் தேவைப்பட்டது. வெள்ளை உதவாது, கொக்குகள் நிறைந்த எங்கள் வயல்களில் வெள்ளையாகப் பறக்கும் எதையும் பிரித்தறிவது கடினம்.

இருசக்கர வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் விசாரித்தபோது, அங்கிருந்த பெரியவர், "மெட்டாலிக் சில்வர் அடிச்சிடலாம் தம்பி, வெயில்ல பளபளன்னு தெரியும்" என்றார். வண்டிக்கு அது நல்ல யோசனைதான். ஆனால், ட்ரோனின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ளும் கால்களுக்குள்ளும் மறைந்திருப்பதால், ரேடியோ அலைகள் அந்தப் பிளாஸ்டிக்கைக் கடந்துதான் போய்வர வேண்டும்.

மெட்டாலிக் பெயிண்டின் மினுமினுப்புக்குக் காரணம் அதில் கலந்துள்ள மெல்லிய அலுமினியச் செதில்கள். காய்ந்த பூச்சின் மேல் மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தால் பெரும்பாலும் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு செதிலையும் பிசின் சூழ்ந்திருப்பதே காரணம். இதைப் பார்த்துவிட்டுப் பாதிப்பில்லை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மல்ட்டிமீட்டர் சோதிப்பது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டத்தை. ரிமோட்டும் ட்ரோனும் பேசிக்கொள்வதோ 2.4, 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில், அதாவது நொடிக்குப் பல நூறு கோடி அதிர்வுகளில். அந்த வேகத்தில் செதில்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள், அதிரும் மின்னோட்டத்துக்கு வழிவிடும் கெப்பாசிட்டர்களைப்போல் செயல்படுகின்றன. இதனால் பூச்சின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் மின்னாற்றலைத் தேக்கும் திறனின் அளவு) சாதாரண பெயிண்டைவிடப் பல மடங்கு உயர்ந்து, அதையொட்டி அமைந்த ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அது சிறப்பாக வேலை செய்யும் அலைவரிசை, இடம்பெயரக்கூடும். அவ்வாறு பெயர்ந்தால், அனுப்பும் திறனில் ஒரு பகுதி வெளியேறாமல் திரும்பிவிடும். எவ்வளவு என்பது செதிலின் அளவையும் பூச்சின் கனத்தையும் பொறுத்தது. குரோம் போல மின்னும் தொடர்ச்சியான உலோகப் படலமானால் நிலைமை இன்னும் மோசம்: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அலுமினியத்தின் ஊடுருவல் ஆழம் (அலை உள்ளே நுழைந்து வலுவிழக்கும் ஆழம்) 1.7 மைக்ரான் அளவே. மின்னணுக் கருவிகளின் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் நிக்கல், செம்பு கலந்த பெயிண்டை அடிப்பதே அலைகளைத் தடுக்கத்தான். பம்பருக்குப் பின்னால் 77 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் வைக்கும் கார் நிறுவனங்களும், அந்த இடத்தில் மறுபூச்சின் வகைக்கும் கனத்துக்கும் வரம்பு விதிக்கின்றன.

இந்த இழப்பு வீட்டு வாசலில் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. அருகில் பறக்கும்போது சிக்னல் முழுதாகவே காட்டும். சிக்னல் 6 டெசிபல் குறைந்தால், அதாவது அதன் திறன் கால் பங்கானால், திறந்தவெளியில் எட்டும் தூரம் பாதியாகிவிடும். வாய்க்கால் கரைத் தென்னந்தோப்பைத் தாண்டிய பிறகுதான் அது புரியும். ஜி.பி.எஸ். நிலைமை இன்னும் இக்கட்டானது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்தச் சிக்னல் நம்மை வந்தடையும்போது மிகமிக நலிந்திருக்கும். அதை வாங்கும் ஆன்டெனா இருப்பது மேலோட்டுக்குக் கீழே, அதாவது நாம் முதலில் வண்ணம் பூச நினைக்கும் அதே இடத்தில். அங்கே இழப்பு ஏற்பட்டால், புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும் வசதியையும் நம்ப முடியாது.

ஆகவே, உலோகம் கலக்காத ஒளிரும் ஆரஞ்சையே தேர்ந்தெடுத்தேன். மினுமினுப்பு வேண்டுவோர் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மைக்காவால் ஆன முத்துப் பூச்சைப் பயன்படுத்தலாம்; அதில் உலோகச் செதில் இல்லை. ஆன்டெனா உள்ள கால்கள், கேமரா, சென்சார்கள், காற்றுத் துளைகள் அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடினேன். இறக்கைகளைத் தொடவில்லை, ஒரு பக்கம் சற்றுக் கனத்தாலும் அதிர்வு வந்துவிடும். கடுமையான தின்னர் பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும் என்பதால் மெல்லிய படலங்களாக அடித்து, ஒவ்வொன்றையும் நன்கு காயவிட்டேன். எடையையும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையே நானோ வகை. 249 கிராமில் விற்கப்படும் ட்ரோனில் பெயிண்டின் சில கிராம்களே அதை அடுத்த எடைப் பிரிவான மைக்ரோ வகைக்குத் தள்ளிவிடும்.

பூசுவதற்கு முன்பும் பின்பும் ஒரே வரப்பில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் சிக்னல் அளவையும் கிடைக்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையையும் குறித்து ஒப்பிட வேண்டும். பெயிண்டுக்குப் பதிலாகக் குரோம் ஸ்டிக்கர் ஒட்ட நினைப்பவர்களும் இதே சோதனையைச் செய்யுங்கள். அவற்றில் பலவற்றின் பளபளப்புக்குக் காரணம் அலுமினியப் படலமே.