கடலை கேட்டால் கச்சான் வராது

இலங்கைத் தமிழில் கதிரை என்றாலும் தமிழ்நாட்டில் நாற்காலி என்றாலும் உட்காரத்தான் போகிறோம். அலுமாரி – பீரோ, நெருப்புப்பெட்டி – தீப்பெட்டி, துவாய் – துண்டு, இவற்றால் யாருக்கும் நட்டமில்லை. சென்னையில் இருந்து வந்தவர் கொழும்பு வெள்ளவத்தைக் கடையில் சோப்பு கேட்டால் சவர்க்காரம்தான் கைக்கு வரும். சிக்கல், சொல் ஒன்றாக இருந்து சாமான் வேறாக இருக்கும்போதுதான். கடைக்காரர் கேட்டதைத்தான் தருவார். அடுப்பில் ஏற்றிய பிறகுதான் விளங்கும்.

பெரிய வில்லங்கம் கோதுமை மா. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பில் சப்பாத்திக்குக் கோதுமை மாவு என்று இருந்தால், அது தவிட்டோடு அரைத்த முழுக் கோதுமை. கொழும்பில் கோதுமை மா என்றால் தவிடு நீக்கிய வெள்ளை மா, அதாவது அவர்களுடைய மைதா. இங்கே கேட்க வேண்டியது ஆட்டா மா. ஆட்டா, தவிடு இருப்பதால் தண்ணீரைக் கூடுதலாக இழுக்கும். 2 கப்புக்கு முக்கால் கப்பில் இருந்து ஒரு கப் வரை பிடிக்கும். வெள்ளை மாவில் அதே அளவு விட்டால் விரலெல்லாம் ஒட்டும். அரைக் கப்பில் தொடங்கி, பிறகு கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். அப்படியும் சுட்டது ஆறியதும் தோல் மாதிரி இழுபடும். தேங்காய்ப்பூ ரொட்டிக்கு மட்டும் வெள்ளை மாதான் சரி. (தேங்காய்ப்பூவும் ஒரு பொறிதான்: இங்கே அது துருவிய தேங்காய், அங்கே முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பூ.)

அடுத்தது தூள். யாழ்ப்பாணத்தார் குறிப்பில் 'தூள் 3 மேசைக்கரண்டி' என்றால் அது கறித்தூள். மிளகாயோடு மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுத்து அரைத்தது. அந்த இடத்தில் தனி மிளகாய்த்தூளைப் போட்டால் ஒருவரும் வாயில் வைக்க முடியாது. மறுபக்கம், தமிழ்நாட்டுக் குறிப்பின் மிளகாய்த்தூளுக்குப் பதிலாகக் கறித்தூளைப் போட்டு, அதற்கு மேல் அவர்கள் சொன்ன மல்லித்தூளையும் சேர்த்தால், மல்லி இரட்டிப்பாகிக் குழம்பு கறுத்துத் தடித்துப் போகும். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கும்போது 'தனி மிளகாய்த்தூள்' என்று அழுத்திச் சொல்வது நல்லது.

கடலை என்றால் இங்கே கொண்டைக்கடலை. வேர்க்கடலைக்குக் கச்சான் என்று கேளுங்கள். முந்திரிகைப் பழம் என்றால் இங்கே திராட்சை. பாயசத்தில் வறுத்துப் போடும் முந்திரிப் பருப்புக்குக் கஜு என்று சொன்னால் குழப்பமே இல்லை. வெறுமனே பருப்பு என்றால் வருவது செந்நிற மைசூர்ப் பருப்பு, ஊறவைக்காமலே 20 நிமிடத்துக்குள் கரைந்துவிடும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும்; அதற்குக் குக்கர் இருந்தால் நல்லது.

சர்க்கரை என்றால் இங்கே பொங்கலுக்குப் போடும் மண்ணிறச் சாமான். தேநீருக்குச் சீனி. மதுரைப் பக்கத்தாரும் சீனி என்பதால் அவர்கள் தப்பிவிடுவார்கள்.

சோம்பு என்ற சொல் இங்கே அவ்வளவாகப் புழங்காது, பெருஞ்சீரகம்தான். கவுண்டரில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சிங்களத்தில் மாதுரு என்று கேளுங்கள். சூதுரு என்று வாய் தவறினால் சின்னச் சீரகம் வரும்; இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பெருஞ்சீரகம் கொஞ்சம் பருத்துப் பச்சை ஓடியிருக்கும். பைக்கட்டைத் திறக்க முன் மணந்து பார்க்க முடியாது, நிறத்தைப் பாருங்கள்.