இறக்கை கழற்றிய கப்பல்

மார்ச் 2, ஞாயிறு

இரண்டு வாரமாக மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது டிஸ்கவரி. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் வரும் அதே விண்கப்பல். முன்னால் ஓர் உருண்டை, நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளத் தண்டு, பின்னால் எஞ்சின். அட்டையில் செய்வது பெரிய வித்தை இல்லை. ஆனால் நான் செய்யப்போவது படத்துக்குள் வராமல் போன டிஸ்கவரியை. முதலில் வரைந்த வடிவங்களில் அணு உலையின் வெப்பத்தை வெளியேற்றப் பெரிய தகடுகள் இருந்தன. பார்க்கிறவர்கள் இறக்கை என்று நினைத்துக்கொள்வார்கள், காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று சிரிப்பார்கள் என்று கழற்றிவிட்டார்கள்.

மார்ச் 4

வெற்றிடத்தில் சூட்டைத் தணிக்கக் காற்றும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஃபிளாஸ்க் ஆறாமல் வைத்திருப்பதே இரண்டு சுவருக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தால்தானே. கப்பலுக்கு அதே ஃபிளாஸ்க் கதி. கதிர்வீச்சாக விட்டால்தான் உண்டு, அதற்குப் பரப்பு வேண்டும். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகள் இந்த வேலைக்குத்தான். (சூரிய மின்பலகைகள் வேறு. நானே பல வருஷம் குழம்பியிருக்கிறேன்.)

ஆக, படத்தில் பறப்பது தன் சூட்டிலேயே வெந்துபோகவேண்டிய கப்பல்.

மார்ச் 8

தகடு வெட்டும் வேலை. கை ஓயும்போதெல்லாம் 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்துக்காகச் செய்த கப்பல் மாதிரிகளின் படங்களைப் புரட்டினேன். அதில் நாயகர்கள் பறக்கும் கப்பலான மில்லேனியம் ஃபால்கனின் முதல் வடிவம் நீளமானது. மாதிரியே செய்து முடித்தாகிவிட்டது. பிறகு பார்த்தால், 'ஸ்பேஸ்: 1999' தொலைக்காட்சித் தொடரின் ஈகிள் விண்கலத்தின் சாயல்! ஃபால்கனைத் தட்டையாக, வட்டமாக மாற்றி வரைந்தார்கள். பழையதைத் தூக்கிப் போடவில்லை. அதன் விமானி அறையைப் பெயர்த்துப் புதிய ஃபால்கனுக்குக் கொடுத்துவிட்டு, வேறு தலை வைத்து, படத்தின் முதல் காட்சியில் துரத்தப்படும் கப்பலாக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், துரத்துகிற ராட்சதக் கப்பலின் மாதிரி சுமார் 3 அடி, தப்பி ஓடுகிற குட்டிக் கப்பலின் மாதிரி சுமார் 6 அடி.

மார்ச் 11

பசை காயவில்லை. ஒரு தகடு கோணிவிட்டது.

மார்ச் 15

நான்கு தகடும் ஒட்டியாயிற்று. தும்பி மாதிரி இருக்கிறது, அழகுதான். படம் எடுக்கலாம் என்று கையில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். திருப்பும்போது கை தானாக ஒரு பக்கம் சரித்தது, விமானம் வளைவில் சரியுமே அப்படி. இரண்டு வாரமாக இதே தண்டைத் தகடு இல்லாமல் நூறு தடவை தூக்கியிருக்கிறேன், ஒருமுறைகூடச் சரித்ததில்லை. இது இறக்கை இல்லை என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். '2001' இயக்குநர் குப்ரிக் தப்புக் கணக்குப் போடவில்லை போலிருக்கிறது.

மார்ச் 16

எடுக்கப்படாமலே 1977இல் கைவிட்ட ஒரு 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காகக் வடிவமைப்பாளர் கென் ஆடமும் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியும் ஸ்டார் ட்ரெக்கின் கப்பலான என்டர்பிரைஸைத் தட்டையான முக்கோண உடலோடு வரைந்தார்கள். 2017இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்பலுக்கு அந்த உடல்தான் கிடைத்தது. அதன் பெயரும் டிஸ்கவரி! தகடுகளுக்கும் 2009இல் விடிவு வந்தது. 'அவதார்' படத்தின் வென்ச்சர் ஸ்டார் கப்பலில் பிரம்மாண்டமான தகடுகள் கனன்று ஒளிரும். சிவந்து கனலும் ஒன்றை யாரும் இறக்கை என்று சொல்லமாட்டார்கள்.

நான் வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன்! மடத்தனம்.

மார்ச் 18

முதல் தகட்டில், தண்டோடு சேரும் இடத்தில் ஆரஞ்சு, நுனிக்குப் போகப்போக அடர் சிவப்பு, கடைசியில் கருப்பு. சூடு உள்ளிருந்துதானே வருகிறது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மட்டும் சரியவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. இன்னும் மூன்று தகடு பாக்கி.