450 டிகிரி என்ற எண்ணுக்குள் இருக்கும் இரண்டு கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் நான் எதிர்கொள்ளும் ஓர் எண்ணம் உண்டு: வெப்பத்தை வெளிவிடும் வினை எளிதாகவும் விரைவாகவும் நடக்கும் என்பது. மாணவர்களை இதற்காகக் குறைகூற முடியாது. ஒரு வினை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கும் வெப்ப இயக்கவியலைப் பதினொன்றாம் வகுப்பிலும், எவ்வளவு விரைவாகப் போகும் என்று கேட்கும் வினைவேகவியலைப் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். இடையில் ஓராண்டு கடந்துவிடுவதால், ஒரே வினையைப் பற்றிக் கேட்கப்படும் இரண்டு தனிக் கேள்விகளே இவை என்பது அவர்களுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. அந்த இரண்டு கேள்விகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஹேபர் முறையில் அம்மோனியா தயாரித்தல். தேர்வில் “உகந்த வெப்பநிலை 450 டிகிரி செல்சியஸ்” என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் பெறும் அந்த இடத்தைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஆற்றல் கணக்கு. ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா உருவாகிறது. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல் தேவை. மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குத் தலா 436 வீதம் 1308. ஆகச் செலவு 2253. புதிதாக உருவாகும் ஆறு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் தலா 391 வீதம் 2346 கிலோஜூலைத் திருப்பித் தருகின்றன. மிச்சம் 93, துல்லியமாக அளந்தால் ஏறக்குறைய 92 கிலோஜூல். ஆக, இது வெப்ப உமிழ் வினை. அறை வெப்பநிலையில் இதன் சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருள் எவ்வளவு மிகுந்திருக்கும் என்பதைக் காட்டும் எண்) சில லட்சங்கள் என்ற அளவில் இருக்கிறது. அதாவது, அம்மோனியா உருவாவதற்கு ஆற்றல் கணக்கு முழுமையாக இசைவு தருகிறது.

ஆயினும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒரு குடுவையில் கலந்து எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் அம்மோனியாவின் மணம்கூட வராது. மேலே கணக்கில் வந்த அதே 945 கிலோஜூல்தான் இதற்குக் காரணம். இறுதி நிலை எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், அதை அடையும் வழியில் கடக்க வேண்டிய கிளர்வு ஆற்றல் மிக உயரமாக நிற்கிறது. அடுக்கி வைத்த விறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும் என்பதற்காக, அது தானாகத் தீப்பற்றிக்கொள்வதில்லை அல்லவா?

வெப்பநிலையை உயர்த்தினால் வேகம் கூடும். (பத்து டிகிரிக்கு வேகம் இரு மடங்காகும் என்ற விதியை எல்லா வினைக்கும் பொருத்துவது சரியன்று. அறை வெப்பநிலைக்கு அருகில், கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் உள்ள வினைகளுக்கே அது பொருந்தும். 100 கிலோஜூல் என்றால் அதே பத்து டிகிரிக்கு வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.) ஆனால் வெப்பம் உமிழும் வினைக்கு வெப்பநிலையை உயர்த்துவது சமநிலையைப் பின்னோக்கித் தள்ளும். 450 டிகிரியில் அந்தச் சமநிலை மாறிலி, அழுத்தத்தை வளிமண்டல அலகில் கொண்டால், பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குளிர்ந்த நிலையில் அம்மோனியா கிடைக்கலாம், ஆனால் வினை நகராது. சூடான நிலையில் வினை நகரும், ஆனால் கிடைப்பது சொற்பம்.

ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1904, 1905 ஆண்டுகளில் ஏறத்தாழ 1000 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் செய்த ஆய்வில் கிடைத்த அம்மோனியா ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அந்த எண்ணைப் பார்த்துக் கைவிடுவதுதான் இயல்பு. ஆனால் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும் வினைக்கு உயர் அழுத்தம் துணை நிற்கும் என்பதைப் பற்றிக்கொண்டு, ராபர்ட் லெ ரொசினோல் வடிவமைத்த கருவியில், ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக (தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக) வைத்து, 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூ நகரில் அம்மோனியா திரவமாகச் சொட்டுவதை ஹேபர் செய்து காட்டினார். ஆஸ்மியம் அரிதானது என்பதால் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சுவீடன் நாட்டு மாக்னடைட் தாதுவில் தொடங்கி, அலுமினாவும் பொட்டாசியமும் சிறிதளவு சேர்ந்த இரும்பே போதும் என்று கண்டார். நூறாண்டு கடந்தும் பெரும்பாலான ஆலைகளில் அதன் வழிவந்த வினையூக்கிகளே இயங்குகின்றன.

இங்கே மாணவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: இரும்பு அந்த 92 கிலோஜூலில் ஒரு கிலோஜூலைக்கூட மாற்றவில்லை, சமநிலையில் இருக்கும் அம்மோனியாவின் அளவையும் மாற்றவில்லை. அது மாற்றியது பாதையை மட்டுமே. நைட்ரஜன் மூலக்கூறு இரும்பின் பரப்பில் ஒட்டி அணுக்களாகப் பிரிகிறது. அந்தப் பிரிதலே வேகத்தைத் தீர்மானிக்கும் படி என்பதைப் பரப்பு ஆய்வுகளால் நிறுவிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்வினை, பின்வினை இரண்டின் வேகமும் ஒரே விகிதத்தில் உயர்வதால் சமநிலை இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே 450 டிகிரி என்பது அம்மோனியாவுக்குப் பிடித்த வெப்பநிலை அன்று; இரும்பு போதிய வேகத்தில் வேலை செய்யத் தேவைப்படும் வெப்பநிலை. அதனால் நேரும் இழப்பை 150 முதல் 250 வளிமண்டல அழுத்தத்தால் ஈடுசெய்கிறார்கள். அப்படியும் ஒரு சுற்றில் சுமார் 15 விழுக்காடே மாறுகிறது. அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, எஞ்சிய வாயுவை மீண்டும் உலைக்கே அனுப்புகிறார்கள்.

வெளிப்படும் வெப்பமும் உலைக்குள் சும்மா இருப்பதில்லை. வினை நடக்க நடக்க வினையூக்கிப் படுகை சூடேறி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே விளைச்சலைக் குறைக்கிறது. அதனால்தான் படுகையைப் பல அடுக்குகளாகப் பிரித்து, இடையிடையே குளிர்ந்த வாயுவைச் செலுத்தியோ வெப்பப் பரிமாற்றியின் மூலமாகவோ சூட்டைத் தணிக்கிறார்கள். முதல் அடுக்கு வேகத்துக்காகச் சூடாகவும், கடைசி அடுக்கு சமநிலைக்காகச் சற்றே தணிந்தும் இருக்க வேண்டும். பாடநூலின் ஒற்றை எண் மறைத்துவிடும் இந்த நுட்பம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஹேபரின் முறையை ஆலை அளவுக்குக் கொண்டுவந்த பி.ஏ.எஸ்.எஃப். பொறியாளர் கார்ல் போஷ் 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவு ஆலையைத் திறப்பதற்கு முன் சந்தித்த பெரிய இடரும் ஒரு வேதிவினையே. உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனோடு வினைபுரிந்து குழாய்களை நொறுங்கச் செய்தது. கார்பன் மிகக் குறைந்த மென்னிரும்பை உட்புறம் பதித்து, வெளிப்புற எஃகில் சிறு துளைகளிட்டு, கசியும் ஹைட்ரஜன் வெளியேற வழிசெய்து அதைத் தீர்த்தார்.

அவரை, துவரை வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, தன்னிடமுள்ள ஒரு நொதியைக் கொண்டு மண்ணின் வெப்பநிலையிலேயே நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. இதைக் கேட்டதும் இயற்கை இலவசமாகச் செய்கிறது என்று மாணவர்கள் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு அந்த நொதி உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகளில் குறைந்தது 16ஐச் செலவிடுகிறது. சூடும் அழுத்தமும் இல்லாத இடத்தில் அந்தத் தடையைக் கடக்கும் விலையை, செடி ஒளிச்சேர்க்கையில் சேர்த்த சர்க்கரையிலிருந்து கொடுக்கிறது.